பின்பால் மெஷினில் மினுக்கும் விளக்குகள்: ஹோல்டரைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான்: 1970களின் கடைசியில் சிகாகோவில் பாலி நிறுவனம் செய்த பின்பால் மெஷின், அதாவது சரிந்த பலகையில் பந்தைத் தட்டி விளையாடும் மெஷின். ஆட்டப்பலகையில் நிறைய விளக்குகள் மங்கலாக எரிகின்றன, சில மினுக்குகின்றன. புது பல்பு போட்டும் மாற்றமில்லை. விரலால் தட்டினால் பளிச்சென்று எரியும். பந்தைத் தட்டும் துடுப்பான ஃபிளிப்பரை நாலு தடவை அடித்ததும் அணைந்துவிடும். எல்லா ஹோல்டரையும் மொத்தமாக மாற்றிவிடலாமா?

வேண்டாம். தட்டினால் எரிகிற ஹோல்டருக்கு உயிர் இருக்கிறது. அதற்கு இருப்பது லூஸ் கான்டாக்ட். அந்த லூஸும் பல்பு உட்காரும் இடத்தைவிட, ஹோல்டரின் உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில்தான் அதிகம். அங்கே இரண்டு பொட்டு ஈயம் (சால்டர்) வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் திரும்பி வராது. ஹோல்டருக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். தேய்ப்பதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் கொஞ்ச நாளில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஏன் என்று புரிய ஹோல்டரின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். இந்த மெஷின்களில் இருப்பது இரண்டு பக்கமும் கொம்பு வைத்த, அழுத்தித் திருப்பிப் பூட்டும் சின்ன பல்பு. 44 அல்லது 47 எண். அது உட்காரும் உருளை ஒரு துண்டு. பலகையில் ஸ்டேப்பிள் அடித்துப் பிடித்திருக்கும் கால் இன்னொரு துண்டு, பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. உருளையின் அடியைக் காலின் துளைக்குள் விட்டு நசுக்கி இரண்டையும் சேர்த்திருப்பார்கள், ஈயம் கிடையாது. மின்சாரம் காலுக்கு வந்து, அந்த நசுக்கிய விளிம்பைக் கடந்துதான் உருளைக்குப் போகிறது. நடுவில் பல்பின் நுனியைத் தொடும் பொத்தான். அதை ஃபைபர் வாஷர் தனிமைப்படுத்தி வைத்திருக்கும், ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பொத்தானின் வால் கீழே வெளியே வந்து, ஒயர் பிடிக்கும் லக்கோடு ரிவெட்டாக நசுக்கப்பட்டிருக்கும். ஆக ஒரு ஹோல்டரில் நாலு சந்திப்புகள்: காலும் உருளையும், உருளையும் பல்பின் உடலும், பல்பின் நுனியும் பொத்தானும், பொத்தானும் லக்கும். நடுவில் உள்ள இரண்டையும் பல்பை ஒருமுறை திருகினாலே ஓரளவு சுரண்டிச் சுத்தமாக்கலாம். முதலும் கடைசியும் தொழிற்சாலையில் நசுக்கியபடியே நாற்பது ஐம்பது வருஷம் கிடப்பவை. ஈரமும், மதுக்கடைகளில் ஓடிய காலத்துச் சிகரெட் புகையும், ஒவ்வொரு ஆட்டத்திலும் கிடைத்த அதிர்ச்சியும் சேர்ந்து அந்த இடுக்கில் களிம்பு ஏறியிருக்கும். உள்ளே விடும் பிரஷ் அங்கே எட்டாது.

இது எவ்வளவு வெளிச்சத்தைத் தின்னும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 44 பல்பு 6.3 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் தடை சுமார் 25 ஓம். களிம்பேறிய சந்திப்பு வெறும் 2 ஓம் சேர்த்தால் அரை வோல்ட் அங்கேயே போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேகத்தில் விழும். அதனால் அரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் கால் பங்கு போச்சு. 5 ஓம் என்றால் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல், வெளிச்சம் பாதி. மங்கல் என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். பல்பு பழசாகிவிட்டது என்று நினைத்து டஜன் கணக்கில் புது பல்பு வாங்குவது வீண்.

கை வைக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்: மங்கலாக இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமா, வரிசையாகவா? ஒரு பகுதி முழுவதும் ஒரே அளவு மங்கியிருந்தால் ஹோல்டர்களைத் தொடாதீர்கள். ரெக்டிஃபையர் போர்டிலுள்ள (ஏசியை டிசியாக்கும் போர்டு) கனெக்டரையும் ஃப்யூஸ் கிளிப்பையும் பாருங்கள். பொது விளக்குகளின் (எப்போதும் எரிந்துகொண்டிருப்பவை) மின்சாரம் மொத்தமும் அந்த ஓரிரு பின்கள் வழியாகத்தான் போகிறது. 44 பல்பு முப்பது என்றால் 7.5 ஆம்பியர். பிளாஸ்டிக் பழுப்பேறி, பின்னைச் சுற்றிய ஈயம் வளையமாக வெடித்திருக்கும். பின்னுக்கு மறுபடி ஈயம் வைத்து, கனெக்டரின் பெண் முனைகளையும் புதிதாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழசு புதுசையும் கெடுத்துவிடும்.

தனித்தனியாக மங்கும் விளக்குகளுக்கு மல்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட்டேஜ் பார்ப்பதுதான் வழக்கமான ஏமாற்றம். மின்சாரம் ஓடாதபோது களிம்பில் வோல்ட்டேஜ் இழப்பே இருக்காது. 50 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் முழு 6.3 காட்டும், ஹோல்டர் நல்லதுபோல் தெரியும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஒரு முனையை ஒயர் வந்து சேரும் காலில் வையுங்கள், மற்றதை உருளையில். காட்டுவது முழுக்க இழப்பு. 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தச் சந்திப்புக்கு ஈயம் தேவை. பொது விளக்குகளுக்கு மீட்டர் ஏசியில் இருக்கட்டும். ஆட்டத்தின்போது மாறி மாறி எரியும் ஆட்ட விளக்குகளுக்கு டிசியில். மீட்டர் இல்லையென்றால் முதலைக் கிளிப் மாட்டிய ஒரு ஒயர் போதும்: காலுக்கும் உருளைக்கும் குறுக்கே பிடித்ததும் விளக்கு பளிச்சென்று ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

மாறி மாறி எரியும் விளக்குகளைப் பார்க்க நாணயக் கதவுக்குள்ளே இருக்கும் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அவை எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டு எரியும். எரியாத ஒன்றின் நடு லக்கைக் கிளிப் ஒயரால் கிரவுண்டுக்குத் தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஹோல்டர் நல்லது. கோளாறு விளக்குகளை ஏற்றி அணைக்கும் டிரைவர் போர்டிலோ அதன் கனெக்டரிலோ. நல்ல பல்பு போட்டும் எரியாவிட்டால் ஹோல்டர். தொடுவது விளக்கின் லக்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். பக்கத்திலேயே ஃபிளிப்பர் போன்றவற்றை இயக்கும் காயில்களின் லக்குகள் இருக்கும், அவற்றில் 43 வோல்ட்.

இனி ஈயம் வைக்கும் வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அணைத்த பிறகும் சுவிட்ச் வரை மெயின் மின்சாரம் இருக்கும், மேலே எண்கள் காட்டும் டிஸ்பிளேக்களுக்கு 190 வோல்ட் வரை போகிறது. கண்டென்சர் இறங்க ஓரிரு நிமிடம் விடுங்கள். மோதிரம், காப்பு கழற்றிவிடுங்கள். ஆட்டப்பலகையைத் தூக்கி நிறுத்தியபின் பெட்டிக்குள்ளே பழைய துணியோ அட்டையோ விரியுங்கள். சொட்டும் ஈயம் சுவிட்சுகளுக்கு நடுவே போய் விழுந்தால் இன்னொரு கோளாறை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

தேவையானவை குறைவு. 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், உளிபோல் தட்டையான நுனியோடு. 25 வாட் போதாது. இரும்புக் கால் சூட்டை உறிஞ்சிவிடும், நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், அதற்குள் வாஷர் கருகும், பக்கத்தில் இருக்கும் வண்ணப் பிளாஸ்டிக்கின் பசை இளகும். வலுவான அயர்னால் மூன்று நாலு நொடியில் முடிப்பதே நல்லது. 60/40 ரோசின் கோர் ஈயம், கொஞ்சம் தனி ரோசின் ஃப்ளக்ஸ். தகரவேலைக்கும் குழாய் வேலைக்கும் வைக்கும் ஆசிட் பேஸ்ட் கூடவே கூடாது. இன்று பிடித்துக்கொள்ளும், பிறகு அதுவே அரிக்கும்.

பல்பைக் கழற்றுங்கள். காலும் உருளையும் சேரும் விளிம்பில் ஒரு 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சின்ன அரத்தாலோ கண்ணாடி இழைப் பேனாவாலோ சுரண்டி, பளபளக்கும் உலோகம் தெரியச் செய்யுங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். சுரண்டாமல் வைத்த ஈயம் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும். ஃப்ளக்ஸ் தடவி, அயர்னின் நுனி இரண்டு துண்டுகளையும் ஒருசேரத் தொடும்படி வைத்து, ஈயத்தை அயர்னில் கொடுக்காமல் உலோகத்தில் கொடுங்கள். சரிவாகப் படிந்து ஓடினால் பிடித்துவிட்டது. அடுத்து, அடியில் லக்கும் பொத்தானின் வாலும் சேரும் ரிவெட் முனை. அங்கே ஒரு சின்னப் பொட்டு. அதிகம் வைத்தால் வழிந்து உருளையின் அடியைத் தொட்டு ஷார்ட்டாகிவிடும், ஆகவே இதை மட்டும் கஞ்சத்தனமாகச் செய்யுங்கள். முடித்ததும் லக்கை விரலால் அழுத்தி, ஸ்பிரிங் தடையின்றி மேலும் கீழும் போகிறதா பாருங்கள். பல்பு ஏற்றும்போது லக்கும் சேர்ந்து அசையும். அதற்கு வரும் ஒயர் விறைப்பாக இருந்தால் பொத்தான் மேலே வராது, இல்லையென்றால் ஒயர் லக்கின் கழுத்தில் ஒடியும். ஒரு சென்டிமீட்டர் தொய்வு விடுங்கள்.

இரும்புக் காலில் துரு ஆழமாக ஏறி ஈயம் ஒட்டவே மறுத்தால் காலோடு மல்லுக்கட்ட வேண்டாம். 22 கேஜ் ஒயர் ஒரு துண்டை எடுத்து, பலகையில் ஓடும் உறையில்லாத பொதுக் கம்பியிலிருந்து நேராக உருளைக்கு ஈயம் வைத்துவிடுங்கள். கால் வெறும் தாங்கியாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பொதுக் கம்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பொது விளக்குகளின் 6.3 வோல்ட் ஏசி கம்பியும், ஆட்ட விளக்குகளின் டிசி கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றோடொன்று இணைத்துவிடாதீர்கள்.

உட்புறத்தைச் சுத்தம் செய்வது இதற்குப் பிறகு. பென்சில் பருமனுள்ள குச்சியின் நுனியில் 220 உப்புத்தாளை ஒட்டி உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றினால் பொத்தானும் சுவரும் வெளுக்கும். பித்தளை பிரஷ்ஷும் நல்லதுதான். எஃகுக் கம்பளி வேண்டாம். அதன் இழைகள் உள்ளே விழுந்து ஷார்ட் செய்யும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள்: தூசியைப் பிடித்து வைக்கும், சுவிட்சுகளில் பொறி பறக்கும் மெஷினில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பல்பின் நுனியில் இருக்கும் ஈயப் பொட்டையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுங்கள். கடையில் கிடந்த புது பல்பிலும் அது கறுத்திருக்கும்.

மாற்றியே ஆக வேண்டிய ஹோல்டர்களும் உண்டு. வாஷர் கருகி உதிர்ந்தது, ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து பல்பைத் தள்ளாமல் கிடப்பது, கொம்பு மாட்டும் பள்ளம் அகன்றது, லக் சும்மா சுற்றி உருளையைத் தொடுவது. கடைசியாகச் சொன்னது பாலி மெஷினில் வெளிச்சப் பிரச்சினையோடு நிற்காது. இந்த மெஷினின் ஒவ்வொரு ஆட்ட விளக்கையும் ஓர் எஸ்.சி.ஆர். (எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஓட்டுகிறது, பெரும்பாலும் 2என்5060, அதிக மின்சாரம் இழுக்கும் சில இடங்களில் எம்.சி.ஆர்.106. பல்பின் தடைதான் அதற்குக் காவல். லக் உருளையைத் தொட்டால் பல்பு வழியாகப் போகாமல் மின்சாரம் நேராக எஸ்.சி.ஆரில் பாயும். 2என்5060இன் வரம்பு 0.8 ஆம்பியர்தான், அந்தக் கணமே போய்விடும். மாற்றிய எஸ்.சி.ஆர். மறுபடி போனால் போர்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த விளக்கின் ஹோல்டரைப் பாருங்கள். மின்சாரம் ஓடும்போது உலோகக் கருவியை ஹோல்டருக்குள் விடக் கூடாது என்பதும் இதனால்தான்.

புது ஹோல்டர் வாங்கும்போது காலின் நீளமும் வளைவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பல்பு உயர்ந்தால் மேலே பிளாஸ்டிக்கில் முட்டும், தாழ்ந்தால் வெளிச்சம் துளைக்குள்ளேயே நின்றுவிடும். பழைய ஸ்டேப்பிளைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, புதியதை மரத் திருகால் பிடியுங்கள். ஆட்டப்பலகையின் தடிமன் சுமார் அரை அங்குலம்தான். 8 முதல் 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான திருகு போட்டால் மேலே ஓவியம் வரைந்த பரப்பைப் புடைத்துவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. முன்துளையும் அந்த ஆழத்தோடு நிற்கட்டும், டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோதும் பந்தைத் திருப்பித் தள்ளும் பம்பருக்குள் இருக்கும் விளக்குதான் எல்லாவற்றிலும் தொல்லை. பந்து மோதும் அதிர்ச்சியை நேராக வாங்குவது அது. அங்கே ஹோல்டருக்கு நீளமான இரண்டு கால் கம்பிகள், பம்பரின் உடல் வழியாகப் பலகைக்கு அடியில் இறங்கும். தொப்பியைக் கழற்றிப் பல்பை மாற்றலாம்; ஹோல்டரை மாற்ற, அடியில் கம்பிகளின் ஈயத்தை விடுவித்து, பம்பரின் உடல் திருகுகளையும் கழற்ற வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்தபின் பழையதையே திருப்பிப் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் யோசிக்காமல் புதுசு போடுங்கள். கம்பிகள் இரண்டுக்கும் உறை போட மறக்காதீர்கள்.

பொது விளக்குகளின் ஃப்யூஸ் போட்டதும் போகிறது என்றால் ஒரு ஹோல்டர் ஷார்ட்டாகியிருக்கிறது. அதைத் தேட ஓம் மீட்டரை அப்படியே வைத்துப் பயனில்லை. குளிர்ந்த 44 பல்பின் தடை 2 முதல் 3 ஓம். முப்பது பல்பு இணையாக இருந்தால் 0.1 ஓம் அளவுதான், மீட்டர் எப்போதும் ஷார்ட் என்றே சொல்லும். பல்புகள் அத்தனையும் கழற்றுங்கள். ஃப்யூஸை எடுத்துவிட்டு, அதன் கிளிப்புகளுக்கு நடுவே ஒயர் மாட்டிய ஒரு 44 பல்பை இணையுங்கள். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் வேலைதான். மின்சாரம் கொடுத்ததும் அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பின்னால் நிமிர்ந்து நிற்கும், எண்கள் காட்டும் பின்பெட்டிக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்குங்கள். அணைந்தால் குற்றவாளி பின்பெட்டியில், எரிந்தால் ஆட்டப்பலகையில். அப்படியே பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய், சந்தேகப்படும் ஹோல்டர்களின் லக்கை மரக்குச்சியால் அசையுங்கள். லேம்ப் கண்ணடிக்கும் இடத்தில் ஷார்ட். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அதிக ஆம்பியர் போடுவது ஒயர் கட்டையே எரிக்கும் வேலை. மெஷினின் சர்க்யூட் படத்தில் உள்ள எண்ணைத்தான் போட வேண்டும்.

மெஷின் பாலி அல்லாமல் அதே காலத்து வில்லியம்ஸ் நிறுவனத்துடையது என்றால் மேலே சொன்ன கிரவுண்டு சோதனையைச் செய்யாதீர்கள். அதில் ஆட்ட விளக்குகள் எட்டு நிரை, எட்டு நிரலாகக் கோத்தவை. ஒவ்வொரு ஹோல்டரிலும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4001 அல்லது 1என்4004 டையோடு ஒன்று இருக்கும். ஹோல்டரை மாற்றும்போது மூன்று லக் உள்ளதை வாங்கி, பழைய டையோடு நின்ற அதே திசையில் வையுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். தலைகீழாக வைத்தால் அந்த விளக்கு எரியாது, ஷார்ட்டான டையோடு இருந்தால் சம்பந்தமில்லாத விளக்குகள் அரையும் குறையுமாக எரியும். பார்ப்பவர்கள் போர்டுதான் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

ஹோல்டர்கள் சரியானபின் பல்பு விஷயம். 47 எண் பல்பு 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், 44ஐவிட நாற்பது சதவீதம் குறைவு. வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் முப்பது பல்புக்கு 7.5 ஆம்பியர் என்பது 4.5 ஆகிறது, கனெக்டர், வாஷர், பின்பெட்டியின் முகப்பில் படம் வரைந்த பின்கண்ணாடியின் பெயின்ட் எல்லாவற்றுக்கும் சூடு குறைகிறது. பின்பெட்டியில் 47 மட்டுமே போடுவது நல்லது. பெயின்ட் உதிர்ந்த பின்கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது அரிது. எல்.இ.டி. போடலாம். பொது விளக்குகளில் ஏசியின் துடிப்பு சிலர் கண்ணுக்குத் தெரியும், அதற்கென்று வரும் வகையை வாங்கினால் அது அடங்கும். ஆட்ட விளக்குகளில் வேறு சிக்கல்: எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் எஸ்.சி.ஆரைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கப் போதாது, விளக்கு படபடக்கும். எல்.இ.டி.க்குக் குறுக்கே இணையாக ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் நிற்கும். மங்கலுக்கு மருந்தாக எல்.இ.டி.யைப் போடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. களிம்பேறிய சந்திப்பில் இழை பல்பு மங்குவதோடு நிற்கும், எல்.இ.டி.க்கு மின்சாரம் அறுபடும் ஒவ்வொரு கணமும் பளிச்சென்று தெரியும். முதலில் ஈயம் வையுங்கள்.